மாடிஃபை செய்த இன்ஜினில் கிராங்க்கேஸ் காற்றோட்டம்: தேய்மானம் தொடங்கும் இடம்

டர்போ திணிக்கும் காற்றழுத்தமான பூஸ்ட்டை ஏற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரின் (ஈசியூ) மேப் மாற்றி, பெரிய இன்டர்கூலர் போட்ட காரை நாள் முழுக்க விரட்டிவிட்டு பானெட்டைத் திறந்தால், சில நேரம் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து ஒரு விரற்கடை மேலே எழும்பி நிற்கும். சுற்றிலும் ஆயில் தெளித்திருக்கும். பலர் அதை அழுத்திச் செருகி, துணியால் துடைத்து, பானெட்டை மூடிவிடுகிறார்கள். எழும்பாமல் இருக்க ஸ்பிரிங் மாட்டிப் பிடித்துவைப்பவர்களும் உண்டு. டிப்ஸ்டிக்கைக் கட்டிப்போட்டால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். பெரும்பாலும் அது கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலாக இருக்கும். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

டிப்ஸ்டிக் எழும்புவதன் பொருள் ஒன்றுதான். இன்ஜினின் அடிவயிற்றில், அதாவது கிராங்க் சுழலும் கிராங்க்கேஸில், சேரும் வாயுவுக்கு வெளியே போக வழி போதவில்லை. பவரை ஏற்றும்போது அந்த வாயுவும் கூடவே ஏறுகிறது. போகும் வழி மட்டும் கம்பெனி கொடுத்த அதே பழைய அளவில் கிடக்கிறது. நல்ல பிஸ்டன், நல்ல ராட், கவனமான ட்யூனிங் எல்லாம் இருந்தும் ஒரு இன்ஜின் சீக்கிரமே ஆயில் குடிக்கத் தொடங்கினால், சந்தேகப்பட வேண்டிய முதல் இடங்களில் இது ஒன்று.

வாயு எங்கிருந்து வருகிறது

சிலிண்டருக்குள் எரியும் வாயுவைக் கீழே இறங்க விடாமல் தடுப்பவை பிஸ்டன் ரிங்குகள். அவை முழுமையாக அடைப்பதில்லை, அடைக்கவும் முடியாது. ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி விட்டே ஆக வேண்டும். சூடேறி ரிங் நீளும்போது முனைகள் ஒன்றோடொன்று முட்டினால் ரிங் சிலிண்டர் சுவரைக் கீறும், இல்லையென்றால் பிஸ்டனின் ரிங் பள்ளமே உடைந்து கழன்றுவிடும். அந்த இடைவெளி வழியாகவும், ரிங்கைச் சுற்றியும், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கிலும் பவர் ஸ்ட்ரோக்கிலும் கொஞ்சம் வாயு கீழே கசிகிறது. இதற்குப் புளோபை என்று பெயர். ஒர்க்‌ஷாப்பில் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்று சொல்வதும் இதைத்தான்.

எவ்வளவு கசியும்? 2 லிட்டர் இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் 2 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு சுற்றுக்கு 1 லிட்டர். 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 6,000 லிட்டர். அதில் 1 சதவீதம் கசிகிறது என்று கணக்குக்கு வைத்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர். இதே இன்ஜினில் 1 பார் பூஸ்ட் ஏற்றினால் உள்ளே போகும் காற்று ஏறத்தாழ இரட்டிப்பாகும். கசிவு 120 லிட்டர். ரிங் கொஞ்சம் தேய்ந்து 2 சதவீதம் ஆனால் 240 லிட்டர். இரண்டு லிட்டர் குடிநீர் பாட்டில்கள் 120 நிரம்பும் அளவு வாயு, ஒரே நிமிடத்தில், ஹெட் கவரில் இருக்கும் சுண்டுவிரல் பருமன் குழாய் வழியாக வெளியேற வேண்டும்.

அளவைவிட மோசமானது அதில் இருக்கும் சரக்கு. எரியாத பெட்ரோல், கரித்துகள், நைட்ரஜன் ஆக்சைடுகள், நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. அதில் பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் போய்விடும். சிறு பங்கு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். நைட்ரஜன் ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால் அமிலம். இவை எல்லாம் ஆயிலோடு கலப்பதற்கு முன்னால் வெளியே இழுக்கப்பட வேண்டும். ஆகவே காற்றோட்டத்துக்கு வேலை இரண்டு: அழுத்தத்தைக் குறைப்பது, அழுக்கை அள்ளிக்கொண்டு போவது. மாடிஃபை செய்பவர்கள் முதல் வேலையை மட்டும் நினைவில் வைத்து இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். நீண்ட காலத் தேய்மானத்தில் பாதிக் கதை அந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

கம்பெனி அமைப்பு எப்படி ஓடுகிறது

ஒரு காலத்தில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியாக நேராக ரோட்டில் விட்டார்கள். வண்டி ஓடும்போது குழாயின் வாயைக் கடந்து போகும் காற்றே வாயுவை உறிஞ்சும். நின்றால் உறிஞ்சல் இல்லை, புகைமாசும் அதிகம். கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து இந்த வாயுவைத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்பி எரிக்கும் அமைப்பு வந்தது. பிசிவி (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) என்று நாம் சொல்வது அதுதான்.

இதில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று ஹெட் கவரிலிருந்து பிசிவி வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போவது. இன்னொன்று ஏர் ஃபில்டருக்குப் பிறகு, த்ராட்டிலுக்கோ டர்போவுக்கோ முன்னால் இருக்கும் குழாயிலிருந்து ஹெட் கவரின் வேறொரு இடத்துக்கு வருவது. ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் மேனிஃபோல்டில் வேக்குவம் இருக்கும். அது முதல் பாதையில் அழுக்கு வாயுவை இழுக்கும்; ஈடாக இரண்டாவது பாதையில் சுத்தமான காற்று உள்ளே வரும். இப்படிக் குறுக்கே ஓடும் காற்றுதான் பெட்ரோல் ஆவியையும் நீராவியையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகிறது.

பிசிவி வால்வுக்குள் ஸ்பிரிங்கும் கூம்பு வடிவ ஊசியும் இருக்கும். ஐடிலில் வேக்குவம் மிக அதிகம். ஊசி இழுபட்டு வழியைக் குறுக்கிவிடும், ஏனென்றால் அப்போது புளோபை குறைவு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேக்குவம் குறைந்து வழி அகலமாகும். அதாவது இது வெறும் ஓட்டை இல்லை, அளந்து விடும் கருவி. இதைக் கழற்றிவிட்டு முழு அகல ஹோஸை நேராக மேனிஃபோல்டில் மாட்டினால், ஐடில் ஏறும், மிக்ஸர் (காற்று-பெட்ரோல் கலவை) கெடும், கிராங்க்கேஸில் அளவுக்கு மீறிய வேக்குவம் உண்டாகி சீல் வழியாக வெளிக்காற்றை விசில் சத்தத்தோடு உறிஞ்சும்.

டர்போ இன்ஜினில் பூஸ்ட் வந்தவுடன் கதை தலைகீழாகும். மேனிஃபோல்டில் இப்போது வேக்குவம் இல்லை, அழுத்தம். முதல் பாதையில் இருக்கும் ஒருவழி வால்வு மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அதன் பிறகு புளோபை முழுவதும் இரண்டாவது பாதையில், முன்பு சுத்தக் காற்று வந்த அதே குழாயில், எதிர்த்திசையில் வெளியேறி டர்போவின் முன்பக்கத்துக்குப் போகும். அங்கே ஏர் ஃபில்டரின் தடையால் சில கிலோபாஸ்கல் அளவு உறிஞ்சல் இருக்கும். இந்தத் திசைமாற்றம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. வாயு மிக அதிகமாக இருக்கும் நேரத்தில் வேலை செய்வது இரண்டாவது பாதை மட்டும்தான். ஆனால் பலரும், வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேனை முதல் பாதையில் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

குழாயின் அகலம் ஏன் இவ்வளவு முக்கியம்

உள் விட்டம் 8 மி.மீ. உள்ள ஹோஸின் குறுக்குப் பரப்பு 50 சதுர மி.மீ. 16 மி.மீ. ஹோஸுக்கு 201, நான்கு மடங்கு. நிமிடத்துக்கு 120 லிட்டர் வாயு 8 மி.மீ. வழியே போனால் அதன் வேகம் நொடிக்கு 40 மீட்டர், 16 மி.மீ. வழியே போனால் 10 மீட்டர். குழாயில் இழக்கப்படும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் தடை ஏறத்தாழ 16 மடங்கு குறைகிறது. 8 மி.மீ. குழாயில், நுழைவு, வளைவு, வெளியேற்றம் எல்லாம் சேர்ந்து 3 அல்லது 4 கிலோபாஸ்கல் எளிதாகக் காணாமல் போகும். அந்த 4 கிலோபாஸ்கல் கிராங்க்கேஸில் தங்கும் அழுத்தம்.

இன்னொன்றும் நடக்கிறது. நொடிக்கு 40 மீட்டர் வேகம் என்பது மணிக்கு 144 கி.மீ. அந்தக் காற்றில் ஆயில் துளி கீழே விழாது, அடித்துக்கொண்டு போகப்படும். குறுகிய ஹோஸ் போட்டவர்களுக்கு இன்டேக் குழாயெல்லாம் ஆயிலாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தேய்மானம் எப்படித் தொடர்கிறது

முதலில் ரிங். மேல் ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது ரிங்கின் சொந்த இழுவிசை மட்டும் அல்ல. மேலிருந்து வரும் வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம் அதைப் பள்ளத்தின் அடித்தளத்தில் உட்கார வைக்கிறது. அதிக ஆர்பிஎம்மில் பிஸ்டன் திசை மாறும்போது ரிங் தூக்கிக்கொண்டு படபடக்கும். கிராங்க்கேஸ் அழுத்தமும் கூடியிருந்தால் ரிங் அதற்கு முன்பே நிலை தடுமாறும். ரிங் படபடத்தால் புளோபை கூடும். புளோபை கூடினால் கிராங்க்கேஸ் அழுத்தம் இன்னும் கூடும். தன்னையே வளர்த்துக்கொள்ளும் சுழல் இது.

அடுத்தது ஆயில். மாடிஃபை செய்த இன்ஜின்கள் முழு லோடில் மிக்ஸரைச் செறிவாக வைத்து ஓடுகின்றன. எரியாத பெட்ரோல் சுவரில் படிந்து ஆயில் படலத்தைக் கழுவி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்குகிறது. பெட்ரோல் கலந்த ஆயில் மெலியும். மெலிந்த ஆயிலில் பேரிங்கின் படலம் சன்னமாகும். ஆயில் பரிசோதனையில் எரிபொருள் 2 அல்லது 3 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 5 சதவீதம் என்றால் அந்த ஆயிலை உடனே மாற்றிவிடுவது நல்லது. ஆயில் நன்றாகச் சூடேறி 100 டிகிரிக்கு அருகில் சில நேரம் ஓடினால் தண்ணீரும் பெட்ரோலில் இலேசான பகுதியும் ஆவியாகி மேலே வரும். ஆனால் அந்த ஆவியை அள்ளிப்போக குறுக்குக் காற்று இல்லாவிட்டால், இன்ஜின் குளிர்ந்ததும் அது மறுபடி ஆயிலிலேயே விழும். ஐந்து நிமிடத் தொலைவுக்கே தினமும் ஓட்டும் காருக்கு இது இரட்டை அடி. ஆயில் மூடியின் அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைக் குழம்பு படிந்திருந்தால் தண்ணீர் தேங்குகிறது என்று பொருள்.

மூன்றாவது இடம் டர்போ. டர்போ பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தோடு போகிறது. திரும்பி வருவது வெறும் ஈர்ப்பு விசையால். கிராங்க்கேஸில் அழுத்தம் நின்றால் திரும்பும் ஆயில் இறங்காது, டர்போவின் நடுப்பகுதியில் தேங்கி இரண்டு பக்கச் சீல்களையும் தாண்டி வழியும். சைலன்சரில் நீலப் புகை வரும். "டர்போ போச்சு" என்று புது டர்போ வாங்கி மாட்டுவார்கள், புகை நிற்காது. டர்போவின் ஷாஃப்ட்டில் ஆட்டம் இல்லாமல் புகை மட்டும் வந்தால், செலவு செய்வதற்கு முன் கிராங்க்கேஸ் அழுத்தத்தை அளந்துவிடுங்கள்.

நான்காவது, ஆயில் ஆவி இன்டேக்குக்குப் போவது. இன்டர்கூலரின் உட்புறம் பிசுபிசுத்து அது குளிர்விக்கும் திறன் குறையும். எரியறைக்குள் போன ஆயில் பெட்ரோலின் நாக்கிங் தாங்கும் திறனைக் குறைக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்படுவதால், இன்டேக் வால்வின் முதுகில் அது படுவதே இல்லை; அங்கே படியும் ஆயிலைக் கழுவ ஆளில்லாமல் கரி கட்டியாகும். இத்தகைய சிறிய டர்போ இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் முழுதாக மிதிக்கும்போது, ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஒரே அடியில் ரிங் பள்ளத்தை உடைக்கக்கூடியது அது. 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் தரம்) தர ஆயில்கள் இதற்கான சோதனையைத் தாண்டியவை. டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காருக்கு அந்தத் தரத்துக்குக் கீழே போக வேண்டாம். 1,500 ஆர்பிஎம்மில் பெரிய கியரில் முழுதாக மிதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

முதலில் அளக்க வேண்டும்

எதையும் வாங்குவதற்கு முன் இன்ஜின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தேய்ந்த ரிங்கைக் கேட்ச் கேன் சரிசெய்யாது.

ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து ஒரு தாளை வாய்மேல் வையுங்கள். தாள் மெல்ல ஒட்டிக்கொண்டால் நல்லது. தள்ளிவிட்டால் பிசிவி அடைத்திருக்கிறது, அல்லது புளோபை அதிகம். மூடியைத் திறக்கவே முடியாதபடி உறிஞ்சினால், சில நவீன ஹெட் கவர்களுக்குள்ளேயே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். விசில் சத்தமும், மிக்ஸர் மெலிவைக் காட்டும் பி0171 என்ற பிழைக் குறியீடும் சேர்ந்து வரும்.

அழுத்தத்தை எண்ணாகப் பார்க்க எளிய வழி தண்ணீர்க் குழாய். 6 மி.மீ. உள் விட்டமுள்ள, ஒளி ஊடுருவும் குழாய் 3 மீட்டர் எடுத்து, பலகையில் யூ வடிவில் கட்டி, அடியில் 40 செ.மீ. உயரத்துக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்று கசியாமல் மாட்டி, மறுமுனையைத் திறந்து விடுங்கள். இரு கைகளிலும் தண்ணீர் மட்டத்தில் 10 செ.மீ. வித்தியாசம் வந்தால் அது 1 கிலோபாஸ்கல். ஐடிலில் பல இன்ஜின்கள் சில செ.மீ. முதல் 30 செ.மீ. வரை வேக்குவம் காட்டும். மூடி கடுமையாக உறிஞ்சும் இன்ஜினில் இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீர் உள்ளே போய்விடும்.

ரோட்டில் ஓடும்போது பார்க்க, வெளிக்காற்றைவிடக் கூடிய அழுத்தத்தையும் காட்டும் மேப் சென்சார் (அழுத்தம் அளக்கும் சென்சார்) ஒன்றை ஹெட் கவரோடு இணைத்து ஈசியூவிலோ லாகரிலோ பதிவு செய்யலாம். இன்ஜினை அணைத்து வைத்து வெளிக்காற்றின் அழுத்தத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்து ரெட்லைன் வரை போகும்போது அதைவிட 2 கிலோபாஸ்கலுக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 5-ஐத் தாண்டினால் வழி போதவில்லை அல்லது ரிங் போதவில்லை. எது என்று சொல்வது லீக்-டவுன் சோதனை.

லீக்-டவுனில், சூடான இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரஷன் டிடிசியில் (கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையில்) நிறுத்தி 7 பார் காற்றைச் செலுத்தி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கிறோம். கிராங்க் சுழன்றுவிடாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும்; கை, ஸ்பேனர் எதுவும் அங்கே மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 10 சதவீதத்துக்குள் நல்லது, 20-ஐத் தாண்டினால் கவலை. காதை வையுங்கள்: ஆயில் மூடியில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ரிங் நன்றாக இருந்தும் ஓட்டத்தில் அழுத்தம் ஏறினால் குற்றம் குழாயில்.

வழியைச் சரியாக அமைப்பது

2 லிட்டர் அளவிலான டர்போ இன்ஜினுக்கு இரண்டாவது பாதையை 16 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். ஏஎன் என்ற ஹோஸ் அளவு முறையில் அது ஏஎன் 10. பவர் இரட்டிப்புக்கு மேல் போனால் 19 மி.மீ., அதாவது ஏஎன் 12, அல்லது இரண்டு 16 மி.மீ. குழாய்கள். ஹோஸ் பெரிதாக இருந்து ஹெட் கவரின் மூக்கு 9 மி.மீ.யில் இருந்தால் பயனில்லை. மூக்கைத் துளையிட்டு அகலப்படுத்தவோ புதிதாக வெல்டு செய்யவோ வேண்டும். அப்படிச் செய்யும்போது அந்த இடத்துக்குக் கீழே ஆயில் தெளிப்பைத் தடுக்கும் பேஃபிள் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். கேம்ஷாஃப்ட் தெளிக்கும் ஆயிலுக்கு நேர் எதிரே ஓட்டை போட்டால் கேன் அரை மணியில் நிரம்பும். அலுமினியத் துகள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. கவரைக் கழற்றி வெளியே வைத்துத்தான் வேலை.

கேட்ச் கேனுக்குள் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்தால் எதை வாங்குவது என்று தானே தெரியும். 16 மி.மீ. குழாயில் நொடிக்கு 10 மீட்டரில் வரும் வாயு, 75 மி.மீ. விட்டமுள்ள கேனுக்குள் நுழைந்தவுடன் நொடிக்கு அரை மீட்டருக்கும் கீழே வேகம் குறைகிறது. அப்போது பெரிய துளிகள் விழும். மிச்சமுள்ள நுண்துளிகள் ஸ்டெயின்லெஸ் வலையில் மோதி ஒன்றுசேர்ந்து சொட்டும். ஆகவே விட்டம் வேண்டும், வலை வேண்டும், உள்ளே வந்த வாயு நேராக வெளி மூக்குக்கு ஓடாமல் தடுக்கும் தகடு வேண்டும். வலையில்லாத வெற்று டப்பா பாதியைக்கூடப் பிடிக்காது. வலைக்குப் பதில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணிப்பது ஆபத்து. உதிரும் இழை டர்போவின் சக்கரத்துக்குத்தான் போகும்.

ரோட்டுக்கு அரை லிட்டர் முதல் 1 லிட்டர் போதும். போட்டிக்கு விதி வேறு: உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அப்பெண்டிக்ஸ் ஜே விதிகளில், திறந்த பிரீதர் (வாயுவை வெளியே விடும் குழாய்) உள்ள காருக்கு 2,000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கேன் கேட்கிறார்கள், அளவு வெளியே தெரியவும் வேண்டும்.

கேனை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஹோஸ் நடுவில் தொங்கிக் குழியாகக் கூடாது. அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி வழியை அடைக்கும். குளிர்ப் பிரதேசத்தில் அது உறைந்தால் முழு அடைப்பு. அங்கே ஹோஸுக்கும் கேனுக்கும் வெப்பக் காப்பு சுற்றுவது அல்லது கூலன்ட் ஓடும் சூடேற்றிய ஆயில் பிரிப்பான் போடுவது நல்லது.

ஹோஸின் பொருளில்தான் பலர் தவறுகிறார்கள். ரேடியேட்டர் ஹோஸில் இருக்கும் இபிடிஎம் ரப்பர் ஆயில் பட்டால் ஊதிப் பஞ்சாகும். சாதாரண சிலிக்கான் ஹோஸ் ஆயிலை வெளியே வியர்க்கும், மெத்தென்று ஆகும், வேக்குவத்தில் சப்பிக்கொள்ளும். நைட்ரைல் அல்லது ஃபுளூரோ உட்பூச்சு உள்ளதை, மேனிஃபோல்டு பக்கம் உள்பின்னல் உள்ளதாகப் போடுங்கள்.

இணைப்பு இப்படி: ஹெட் கவரிலிருந்து பிசிவி வால்வு, அங்கிருந்து கேன், பிறகு ஒருவழி வால்வு, பிறகு மேனிஃபோல்டு. மறுபக்கம் ஹெட் கவரின் அகலமான மூக்கிலிருந்து இரண்டாவது கேன், அங்கிருந்து ஏர்ஃப்ளோ மீட்டருக்குப் பிறகும் டர்போவுக்கு முன்பும் உள்ள குழாய். இரண்டாவது கேனில் ஒருவழி வால்வு போடாதீர்கள். ஐடிலில் சுத்தக் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். முதல் பாதையின் வால்வை வாயால் ஊதிச் சோதியுங்கள். மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஊதினால் துளிகூடப் போகக் கூடாது. விலை குறைந்த பிளாஸ்டிக் வால்வுகள் சூட்டில் சில மாதங்களில் வளைந்து கசியும். பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் இறங்கத் தொடங்கும். நீங்கள் ரிங்கைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஹெட் கவர் மூக்கில் சின்னக் கூம்பு ஃபில்டரை மாட்டி, பிசிவியை அடைத்துவிடுவது பரவலாக நடக்கிறது. அழுத்தம் குறையும் என்பது உண்மை. ஆனால் உறிஞ்ச எதுவும் இல்லை, குறுக்குக் காற்று இல்லை. பெட்ரோலும் தண்ணீரும் ஆயிலிலேயே தங்கும். கேபினுக்குள் வாயு நாற்றம் வரும், பல நாடுகளில் சட்டமும் அனுமதிக்காது. பிசிவியை அடைக்காமல் ஃபில்டரை மட்டும் மாட்டினால், ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள காரில் அளக்கப்படாத காற்று உள்ளே போய் மிக்ஸர் மெலியும். முழு நாள் ட்ராக்கில் ஓடி, ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்றும் காருக்கு மட்டும் வெளியே விடும் அமைப்பு பொருந்தும்.

கேனிலிருந்து சம்ப்புக்குத் தானாகத் திரும்பும் குழாய் வேண்டுமென்றால் உயரக் கணக்கைப் பாருங்கள். 1 கிலோபாஸ்கல் அழுத்தம் 12 செ.மீ. ஆயிலைத் தூக்கிப் பிடிக்கும். கிராங்க்கேஸ் கேனைவிட 3 கிலோபாஸ்கல் அதிகமாக இருந்தால் கேனின் அடி, சம்ப் ஆயில் மட்டத்துக்கு மேல் 36 செ.மீ. இருந்தாலொழிய ஆயில் இறங்காது. ரோட்டுக் காருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. கேனில் சேர்வது பாதித் தண்ணீரும் பெட்ரோலும்தான், அதை இன்ஜினுக்குத் திருப்பிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

இன்ஜினைக் கட்டும்போதே

புளோபையைக் குறைக்க ரிங் இடைவெளியை இறுக்கமாக வைக்கும் ஆசை வரும். வேண்டாம். ரோட்டில் ஓடும் டர்போ இன்ஜினுக்கு மேல் ரிங் இடைவெளி, போர் (சிலிண்டரின் உள்துளை) விட்டத்தில் 0.0050 முதல் 0.0060 மடங்கு வரை கேட்பார்கள், 86 மி.மீ. போருக்கு 0.0055 என்றால் 0.47 மி.மீ. பிஸ்டன் கம்பெனியின் அட்டவணை வேறு எண் சொன்னால் அதுவே முடிவு. கொஞ்சம் அகலமான இடைவெளியால் கூடும் கசிவு சிறிது. முட்டிக்கொண்ட ரிங் பிஸ்டனையே தின்னும். இரண்டாவது ரிங்கின் இடைவெளி மேல் ரிங்கைவிடச் சற்று அகலமாக இருக்கட்டும், நடுவில் அழுத்தம் சிக்கி மேல் ரிங்கைத் தூக்காது.

உண்மையில் கசிவைத் தீர்மானிப்பது போரின் வட்டம். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது பிளாக் வளைந்து போர் நீள்வட்டமாகும். பலமான ஸ்டட் போட்டு அதிக டார்க்கில் இறுக்கினால் இன்னும் வளையும். அதனால் ஹெட்டுக்குப் பதில் தடிமனான டார்க் பிளேட்டை, அதே ஸ்டட், அதே கேஸ்கெட், அதே டார்க்கில் மாட்டி ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) செய்ய வேண்டும். 2618 அலாய் ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் குளிரில் இடைவெளி அதிகமாக இருக்கும். ஆயில் சூடேறும் வரை மிதிக்காதீர்கள். புது ரிங் உட்காருவது முதல் சில நூறு கிலோமீட்டரில்தான். ஐடிலில் வெகுநேரம் விடாமல், மிதமான லோடு கொடுத்தும், ஆக்ஸிலரேட்டரை விட்டு இன்ஜின் பிரேக்கில் இறக்கியும் ஓட்டுங்கள். முதல் ஸ்டார்ட்டில் மிக்ஸர் செறிவாக இருந்தால் பெட்ரோல் சுவரைக் கழுவி, ஹோனிங் கோடுகள் வழவழத்துப் போய், ரிங் எப்போதும் உட்காராது.

ஓட்டத்தில் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு 1,000 கி.மீ.க்கும் கேனை அளவுக் கோடு போட்ட பாட்டிலில் ஊற்றி எவ்வளவு, என்ன நிறம் என்று குறித்துவையுங்கள். பெட்ரோல் நாற்றமடிக்கும் வெளிறிய திரவம் குளிர்காலத்தில் கூடுவது இயல்பு. கறுப்பு ஆயில் மட்டும் திடீரென்று கூடினால் பேஃபிள் அல்லது ரிங். பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டும்போது கடகடவென்று சத்தம் வராவிட்டால் மாற்றுங்கள். கம்பெனி சொன்ன காலத்தில் பாதியிலேயே மாற்றினாலும் தப்பில்லை, சிறிய செலவுதான். ஆயிலை மாடிஃபை செய்த இன்ஜினில் 5,000 கி.மீ.க்கு மேல் விடாதீர்கள். எத்தனால் அதிகமுள்ள எரிபொருள் ஓட்டினால் அதற்கும் முன்பே. லீக்-டவுன் எண்களை ஒவ்வொரு 10,000 கி.மீ.க்கும், இன்ஜின் அதே சூட்டில் இருக்கும்போது, சிலிண்டர் வாரியாக எழுதிவையுங்கள். நான்கு சிலிண்டரும் ஒருசேர 6-லிருந்து 9 சதவீதம் ஆனால் வயதாகிறது. மூன்று 6-இல் நின்று ஒன்று மட்டும் 14 ஆனால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் அன்றே கழற்றிப் பார்க்க வேண்டும்.